இட்லித் தட்டில் பவானிக்குச் சாப்பாடு

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டுப் பெண் பூனை பவானிக்கு இரண்டு வயது, எடை மூன்றரைக் கிலோ. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ரோட்டோரத்தில் குட்டியாகக் கிடந்தவள். காலையில் நான் ஆபீசுக்கு ஓடுவதற்கு முன் ஒரு கிண்ணம் டிரை ஃபுட், ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பியதும் ஒரு கிண்ணம் என்று பழக்கியிருக்கிறேன். கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் தலையை நுழைத்து மூச்சு விடாமல் விழுங்குகிறாள். ஐந்து நிமிடத்தில் சோபாவிலோ கால்மிதியிலோ முழுசு முழுசாக வெளியே வந்துவிடுகிறது. பிறகு அதையே திரும்பத் தின்கிறாள்! மழைக்கு எங்கள் மாடிப்படியில் ஒதுங்கிய சோமு என்ற ஆண் பூனையையும் சேர்த்துக்கொண்ட பிறகு இது அதிகமாகிவிட்டது. வயிறு குளிரட்டும் என்று என் மாமியார் மத்தியானம் பால் ஊற்றுகிறார். எங்கள் வீட்டுக்காரர், நாம் போட்டுக்கொள்ளும் அசிடிட்டி மாத்திரையில் பாதி கொடுக்கலாமே என்கிறார். ஆன்லைனில் மேடு பள்ளமாக ஒரு கிண்ணம் விற்கிறார்கள், வாங்கட்டுமா? இது நோயா, பேராசையா? வீடியோ அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: முதலில் அந்த மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். மனிதர்களின் மருந்தைப் பாதியாக உடைத்தால் பூனை மருந்தாகிவிடும் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. இன்றைக்கு அசிடிட்டி மாத்திரை, நாளைக்கு உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றப் பூனையின் கல்லீரலுக்குச் சக்தி கிடையாது. ஒரே மாத்திரையில் உயிர் போய்விடும். இதைச் சொல்லாமல் வேறெதையும் ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை.

வீடியோ அனுப்பியது மிக நல்ல காரியம். பூனை வாந்தி எடுக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் கேட்பதே அதைத்தான். 1886-இல் தொடங்கிய பரேல் கால்நடைக் கல்லூரியில் படித்தவள் நான். அங்கே எங்களுக்குப் பாடம் எடுத்தவர், பூனையைத் தொடுவதற்கு முன் அது எப்படி எடுத்தது, என்ன எடுத்தது என்று கேள் என்பார். உங்கள் வீடியோவில் பவானி தலையைத் தாழ்த்துகிறாள், வாயைத் திறக்கிறாள், பொத்தென்று விழுகிறது. வயிறு எக்கவில்லை, ஓங்கரிக்கவில்லை, எச்சில் ஒழுகவில்லை. விழுந்தது நீள உருளையாக, கொட்டை கொட்டையாக, மஞ்சள் பித்தம் இல்லாமல் இருக்கிறது. அதாவது போன தீனி இரைப்பையில் ஜீரணமாகவே தொடங்கவில்லை. பெரும்பகுதி உணவுக்குழாயிலேயே தேங்கித் திரும்பியிருக்கிறது. அதனால்தான் குழாயின் வடிவத்திலேயே வந்திருக்கிறது. அதையே அவள் திரும்பத் தின்பதில் நமக்குத்தான் அருவருப்பு. அவளுக்கு அது கொஞ்சம் நனைந்த சாப்பாடு, அவ்வளவுதான்.

வயிறு விலாவோடு ஒட்டி ஒட்டி எக்கி, தொண்டையில் சத்தம் வந்து, பாதி ஜீரணமான கூழோ மஞ்சள் நுரையோ வந்தால் அது வேறு கதை. அதற்குப் பின்னால் புழு, சிறுநீரகம், குடல் அழற்சி, விழுங்கிய பொருள் என்று பல காரணம் இருக்கலாம். அப்படி ஒரு தடவை வந்தாலும் அதையும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

பேராசையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாவம், அவளைத் திட்டாதீர்கள். மென்று தின்பது பூனைக்குப் பிறவியிலேயே கிடையாது. அதன் தாடை மேலும் கீழும்தான் அசையும், நம்முடையதைப் போலப் பக்கவாட்டில் அரைக்காது. இருக்கிற முப்பது பல்லும் பிடிக்க, கிழிக்க, வெட்ட. வெட்டின துண்டு நேரே உள்ளே போக வேண்டியதுதான். வயிறும் சின்னது. வெளியே வேட்டையாடி வாழும் பூனை ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவையாவது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி. மூன்றரைக் கிலோப் பூனைக்கு நாளெல்லாம் வேண்டியது ஏறக்குறைய 200 கலோரி. அதாவது ஏழு எலியை இடைவெளி விட்டு நாள் முழுக்கத் தின்ன வேண்டிய உடம்புக்கு, நாம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்றரை எலியை ஒரே கிண்ணத்தில் கொட்டுகிறோம்.

அதற்கு மேல் சோமு வேறு. தெருவில் பசித்துக் கிடந்த குட்டிக்கு, பக்கத்தில் இன்னொரு வாய் நிற்பதைப் பார்த்தாலே போதும். தாதர் பிளாட்பாரத்தில் ஃபாஸ்ட் லோக்கல் வரும் அறிவிப்பைக் கேட்டதும் கையிலிருக்கும் வடாபாவை விழுங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த அவசரம்தான். சோமு உண்மையிலேயே அவள் தட்டில் வாய் வைக்க வேண்டும் என்றில்லை. கண்ணில் பட்டாலே போதும்.

ஆகவே முதல் வேலை இருவரையும் பிரிப்பது. மாட்டுங்கா வீட்டில் எங்கே இடம் என்பீர்கள். தெரியும், நானும் இந்த ஊரில் ஒரு ரூம் கிச்சனில் வளர்ந்தவள்தான். ஒரே அறையில் இரண்டு மூலையில் வைத்தால் போதாது, ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது. சோமுவுக்குக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள், பவானிக்கு அடுக்களையில். குளியலறை ஈரமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைக்கலாம். இருபது நிமிடம் கழித்து இரண்டு தட்டையும் எடுத்துவிட்டு, அப்புறம் கதவைத் திறங்கள். தட்டு கீழேயே கிடந்தால் ஒன்று தின்ற மிச்சத்தை இன்னொன்று தேடும், அவசரம் திரும்ப வந்துவிடும்.

இரண்டாவது வேலைக்கு உங்கள் மாமியாரின் உதவி தேவை. பெரும்பாலான பூனைகளுக்கு, பால்குடி மறந்த பிறகு பாலின் சர்க்கரையை ஜீரணிக்கும் நொதி குறைந்துவிடும். குடித்தால் வயிறு குளிராது, உப்பும், சில பூனைக்கு வயிற்றாலை போகும். ஆனால் மத்தியானம் ஒருவர் வீட்டில் இருந்து, அன்போடு ஏதோ கொடுக்க நினைக்கிறார் என்பது பவானிக்குப் பெரிய அதிர்ஷ்டம். பாலுக்குப் பதில் அதே டிரை ஃபுட்டில் ஒரு பங்கை அவர் கையால் போடச் சொல்லுங்கள். நாள் பூராவுக்குமான தீனியைக் காலையிலேயே ஒரு டப்பாவில் அளந்து வைத்துவிடுங்கள். உங்கள் பூனைக்கு அது கிட்டத்தட்ட ஐம்பது கிராம் வரும். பாக்கெட்டின் பின்பக்கம் எடைக்கு ஏற்ற அளவு போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிளம்புமுன், பதினொரு மணிக்கு, மூன்று மணிக்கு, நீங்கள் வந்ததும், படுக்கப் போகுமுன் என்று ஐந்தாகப் பிரித்துப் போட்டால், ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிகூட இருக்காது. அவ்வளவு கொஞ்சத்தை எவ்வளவு வேகமாகத் தின்றாலும் திரும்ப வருவது அபூர்வம். டப்பாவில் இருப்பதுதான் கணக்கு என்று மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஆறே மாதத்தில் பவானி உருண்டையாகிவிடுவாள்.

இப்போது அந்த மேடு பள்ளக் கிண்ணம். வாங்கினால் தப்பில்லை. ஆனால் பல கிண்ணங்கள் நாய்க்குச் செய்தவை. மேடு உயரமாக, பள்ளம் குறுகலாக இருக்கும். பூனை மீசை இடிக்க இடிக்க எரிச்சல்பட்டுத் தின்னாமலே போய்விடும். அதை வாங்குமுன் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். மாட்டுங்காவில் தமிழர் வீட்டுப் பரணில் ஒரு பழைய இட்லித் தட்டு இல்லாமலா போகும்? ஓட்டை இல்லாத தட்டாக ஒன்றை எடுத்து, குழிக்கு ஏழெட்டு உருண்டை என்று பரப்புங்கள். ஆழமில்லாத குழி, வழுவழுப்பான எவர்சில்வர், நாக்கு எட்டும், மீசை இடிக்காது. ஒரு குழியிலிருந்து இன்னொன்றுக்குத் தலையைத் திருப்ப வேண்டியிருப்பதால் வாய் நிறைய அள்ள முடியாது. தட்டு வழுக்கிக்கொண்டு போனால் அடியில் ஒரு ஈரத் துணி. இரும்புப் பணியாரக் கல் இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கனத்துக்கு எந்தப் பூனையாலும் அசைக்க முடியாது. பூச்சு உரிந்த நான்ஸ்டிக் கல் வேண்டாம். தட்டு ஒருமுறை பூனைக்குப் போனால் பூனைக்கே, மறுபடி இட்லி ஊற்ற எடுக்காதீர்கள். இதை நான் சொல்லாவிட்டாலும் உங்கள் மாமியார் சொல்லியிருப்பார்.

பழகிய பிறகு விளையாட்டாகவும் தரலாம். கிரானா கடையில் கேட்டால் அட்டை முட்டைத் தட்டு சும்மாவே தருவார்கள். அதில் ஒரு பங்கைத் தூவினால் பாதத்தால் தட்டித் தட்டி எடுத்துத் தின்னும். சின்னத் தண்ணீர் பாட்டிலில் தீனி விழுகிற அளவுக்கு இரண்டு மூன்று ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்துவிட்டு உருட்டிவிடலாம். பகலெல்லாம் ஜன்னலில் புறாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஃபிளாட் பூனைக்கு இது ஒரு வேலை. கிண்ணத்துக்குள் கூழாங்கல் போடச் சொல்லிச் சிலர் யோசனை தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் பிங்பாங் பந்து போடுங்கள், வாய்க்குள் போகாது.

டிரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீத அளவில்தான். விழுங்கிய பிறகு நீர் பட்டு ஊதும். வேளைக்கு ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுத்தால், ஊத வேண்டியது வெளியிலேயே ஊதிவிடும். தண்ணீரும் உள்ளே போகும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஊறின தீனி சீக்கிரம் புளித்துவிடும். இருபது நிமிடத்தில் எடுத்த மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள். எறும்புக்கு வழக்கமான வழிதான், தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தின் நடுவில் பூனைத் தட்டு.

இன்னொன்று, தீனியை லூஸில் வாங்குகிறீர்களா? மும்பைக் கடைகளில் பெரிய மூட்டையைத் திறந்து வைத்துக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். மழைக்காலத்தில் அதன் கொழுப்பு சிக்கடித்துப் போகும், பூஞ்சையும் பிடிக்கும். அதைத் தின்று வாந்தியெடுக்கும் பூனைக்கு எந்தத் தட்டும் உதவாது. சின்ன பாக்கெட்டாக வாங்கி, பாக்கெட்டோடு டப்பாவில் வையுங்கள். பிராண்டை மாற்றினால் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள்.

சோமு மாடிப்படியிலிருந்து வந்தவர். இருவருக்கும் சேர்த்துப் புழு மருந்து கொடுத்தாயிற்றா, சோமுவுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கடிதத்தில் இல்லை. வயிற்றில் புழு இருந்தாலும் இப்படித்தான் பறக்கும். மருந்து எடைக்கு ஏற்ப, டாக்டர் சொல்லும் அளவில். நாய்க்கு வாங்கியதை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். குறைய வேண்டும். குறையவில்லை, கொஞ்சமாகத் தின்றாலும் முழுசாகத் திரும்புகிறது என்றால் உணவுக்குழாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் டாக்டரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: பவானிக்குச் சமீபத்தில் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தீர்களா, இல்லையா என்று. சளிக்கு அது அடிக்கடி எழுதப்படும் மருந்து. வெறும் மாத்திரையை வாயில் போட்டுவிட்டால், சில சமயம் குழாயிலேயே ஒட்டி, அங்கே புண்ணாகி, ஆறும்போது குழாய் சுருங்கிப்போகும். எந்த மாத்திரை கொடுத்தாலும் பின்னாலேயே சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீரை மெதுவாகக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. வாந்தியில் ரத்தம், ஒரே நாளில் திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது, சோர்ந்து மூலையில் ஒடுங்குவது. பூனை பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனை கிடந்தால், கொழுப்பு கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும். வயிற்றுக்கு ஓய்வு என்று நாய்க்குச் செய்வதைப்போல நீங்களாகப் பட்டினி போடாதீர்கள். சோமு ஆண் என்பதால் கூடுதலாக ஒன்று: மண் தொட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வராமல், வாந்தியும் எடுத்தால் சிறுநீர் அடைத்திருக்கலாம். அதற்கு விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

---

கேள்வி: சாமிக்கு வாங்கி வைத்த மல்லிகைச் சரத்தை எங்கள் பூனைக்குட்டி இழுத்துத் தின்றுவிட்டது. இரண்டு நாளாக வாந்தி. பின்பக்கம் கொஞ்சம் நூல் தொங்குகிறது. இழுத்து எடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், செம்பூர்

பதில்: இவருக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன், பத்திரிகை வரும் வரை காத்திருக்கிற விஷயமில்லை. மற்றவர்களுக்காக இங்கே. இழுக்கவே கூடாது. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை வாயிலோ மாட்டிக்கொண்டிருக்கும், மறுமுனையைக் குடல் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் குடல் சுருக்குப்பை போலச் சுருங்கும். அந்த நேரத்தில் நாம் இழுத்தால் நூல் குடலை அறுத்துவிடும். வாயில் தெரிந்தாலும் சரி, பின்னால் தெரிந்தாலும் சரி, தொடாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பெரும்பாலும் ஆபரேஷன்தான். பரேலில் பாய் சக்கர்பாய் விலங்கு மருத்துவமனை கல்லூரி வளாகத்திலேயே இருக்கிறது, செம்பூரிலிருந்து தூரமில்லை. பூவை ஃபிரிட்ஜில் வையுங்கள். வாடிய சரத்தை மூடி போட்ட குப்பைத் தொட்டியில் போடுங்கள். தையல் நூல், பட்டம் விடும் மாஞ்சா எல்லாவற்றுக்கும் இதேதான்.

---

கேள்வி: என் பூனைக்குப் பதினோரு வயது. முன்பு மீன் தலையைக்கூடப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றவன், இப்போது பறந்து பறந்து தின்கிறான், வாந்தியும் எடுக்கிறான். ஆனால் முதுகெலும்பு தெரிகிறது. வயசானதால் வந்த ஆசையா, அக்கா?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: இல்லை தம்பி. உங்களுக்கு இட்லித் தட்டு யோசனை சொல்ல மாட்டேன். நிறையத் தின்றும் இளைக்கிற வயதான பூனைக்கு ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். முதல் சந்தேகம் தைராய்டு. கழுத்திலிருக்கும் அந்தச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் பசி தாங்காது, உடம்பு எரிந்துகொண்டே இருக்கும், இதயம் படபடக்கும், ராத்திரியில் காரணமில்லாமல் கத்தும். அடுத்த சந்தேகம் சர்க்கரை. தண்ணீர் அதிகம் குடித்து, மண் தொட்டியில் ஈரக் கட்டி பெரிசாக விழுந்தால் அதையும், சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தைராய்டுக்கு டி4 என்ற ஹார்மோன் அளவு, சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் மூன்றையும் ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாம். தைராய்டு என்று உறுதியானால் மாத்திரையிலேயே கட்டுப்படும், பயப்படாதீர்கள். போகுமுன் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தனியாகவும், பூனையைத் தூக்கிக்கொண்டும் மிஷினில் ஏறிக் கழித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். தெருமுனைக் கடையில் தராசு இருந்தால் பையோடு வைத்துப் பார்ப்பது இன்னும் துல்லியம், கடைக்காரர் சம்மதித்தால்.

---

கேள்வி: நாங்கள் சைவம். எங்கள் பூனையும் தயிர்சாதம்தான் சாப்பிடுகிறது, ஆனால் அவசர அவசரமாகத் தின்று அவ்வப்போது கக்குகிறது. தயிரைக் குறைக்கலாமா?
– ஒரு வாசகி, முலுண்ட்

பதில்: தயிரை விடுங்கள், சாதத்தைக் குறையுங்கள். அது வயிறு நிறையத் தின்றும் உடம்புக்கு வேண்டியது கிடைக்காமல்தான் அப்படிப் பறக்கிறது என்று நினைக்கிறேன். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவுக்குத் தானாகத் தயாரிக்காது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அதற்குக் கிடைக்க வேண்டும். அது இல்லாமல் போனால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை மெலிந்து விரியும். இதய நோய்க்கு இதுதான் காரணம் என்று 1987-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த பிறகுதான் பாக்கெட் தீனிகளில் டாரினைக் கூட்டினார்கள். உங்கள் அடுக்களைக்குள் மீன் வர வேண்டாம். டாரின் சேர்த்தது என்று போட்ட பூனைத் தீனியை வாங்கி பால்கனியில் தனித் தட்டில் போடலாமே. முதல் நாள் தயிர்சாதத்தின் மேல் நாலே உருண்டை, மறுநாள் கொஞ்சம் கூட. பத்து நாளில் சாதம் நின்றுவிட வேண்டும். மாற்றி முடித்த பிறகும் கக்கினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வீடியோவோடு.